மொட்டைமாடியில் ஒரு ஊட்டி

தாம்பரத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று தி.நகர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பல்லாவரம் தாண்டியதும் மின்சார ரயில் ஜன்னலில் வருகிற காற்றே வேறு. அந்தக் காற்றை நம்பித்தான் டாக்டர் சௌரி முத்து 1928-இல் இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் விழுந்தது. நுரையீரலுக்கு ஒத்துக்கொண்ட காற்று முட்டைக்கோசுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று சேலையூரில் குடியிருக்கும் ஒருவன் நினைத்தால், அதில் தர்க்கப் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் மனைவிக்குத் தோன்றியது.

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளே எங்கள் தெருவில் குரங்குக் குல்லாய்கள் வெளியே வந்துவிடும். காலை நடைக்குப் போகிறவர்கள் மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்று தலையசைப்பிலேயே வணக்கம் சொல்வார்கள். அப்போது வெப்பநிலை 21 டிகிரி இருக்கும். சென்னையில் இதுவரை பதிவானதில் மிகக் குறைவு 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாகியும் வெயிலம்மாள் அந்தப் படிக்கு இறங்கி வரவில்லை. ஆனால் குல்லாய் போட்டவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறாது. நானும் போட்டிருந்தேன். குல்லாய்க்குள் இருந்தபடி யோசித்ததால்தான் காலிஃபிளவர் விதை வாங்கும் எண்ணமே வந்தது.

எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது யூடியூப். 'குளிர்காலத்தில் போட வேண்டிய பத்து காய்கறிகள்' என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் பனி மூட்டம். பேசும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. அவர் இருக்கும் ஊரில் வாயிலிருந்து புகை வருகிறது, நம் ஊரில் போகிக்குத்தான் புகை வரும் என்பதை நான் கவனித்திருக்கலாம். கவனித்தது காலிஃபிளவரை மட்டும். காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், பட்டாணி என்று பொட்டலம் பொட்டலமாக விதை வந்து இறங்கியது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அச்சடித்த காய் இருந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் இருக்கும் மிக அழகான கேரட் அந்தப் பொட்டலத்தின் மேல் இருப்பதுதான்.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவனுக்கும் 1820-களில் இதே ஆசை வந்தது. சீமைக் காய்கறி வேண்டும் என்று தோன்றியதும் அந்த மனிதர் குதிரை, கூலியாட்களோடு நீலகிரி மேல் ஏறி, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் உதகமண்டலத்தில் வீடு கட்டி, அங்கே பயிரிட்டார். நான் ஏறியது பதினெட்டுப் படி. படிக்கணக்கு என்னவோ கார்த்திகை மாதத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் ஏறி முடித்ததும் தரிசனம் கொடுத்தது தண்ணீர் டேங்க்.

"கீழே இடம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடி விட்டிருக்கிறோம். அதில் ஒரு பக்கம் சம்ப், மறுபக்கம் செப்டிக் டேங்க். மிச்சமிருந்த ஒரு முழத்தில் கடப்பாரையை இறக்கினேன். 'டங்' என்றது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவைத் தோற்றுவித்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்தான் போயிற்று. பின்னால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லறையை ஒட்டியே பாறைக்குப் பெயரிட்டார். பரங்கிமலையில் இதற்குத் தேசிய நினைவுச்சின்ன மரியாதைகூட உண்டு. கல்லறைக்கு அருமையான கல், கத்தரிக்குச் சரிப்படாது. கடப்பாரையைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

மாடித் தோட்டம் என்பது இங்கே புதுசு இல்லை. 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னைக்கும் கோவைக்கும் மானிய விலையில் கொடுத்த பெட்டகத்தில் பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை, நுண்ணுயிர் உரம் எல்லாம் இருந்தன. அப்போதிருந்து எங்கள் தெருவில் பச்சை நிறப் பை இல்லாத மாடி அபூர்வம். சில பைகளில் செடிகூட இருக்கும். நாங்கள் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினோம் என்பதால் வேகமாகத் தொடங்கினோம். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி பார்ப்பதற்குச் செங்கல் மாதிரிதான் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் உப்பும் என்று எழுதியிருந்தது. எவ்வளவு உப்பும் என்பதை நான் வாசிக்கவில்லை. பக்கெட்டில் போட்டதை அண்டாவுக்கு மாற்றி, அண்டா வழிந்ததும் குளியலறைத் தொட்டிக்கு மாற்றி, அன்று முழுக்கக் குடும்பமே குளிக்காமல் இருந்தது. அந்த அண்டா என் மாமனார் வீட்டுச் சீர். அந்தத் தகவல் அன்று பலமுறை நினைவூட்டப்பட்டது.

உரத்துக்கு அண்ணாச்சி கடை. எங்கள் வீட்டை ஒட்டியே கடை, பின்னால் ஷீட் போட்ட கிடங்கு. திருநெல்வேலிப் பக்கத்தில் வாழையும் நெல்லும் பார்த்து வளர்ந்த மனிதர். கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் கேட்டதும், "மாடு வாங்கியிருக்கீங்களா சார்?" என்றார். காலிஃபிளவர் என்றேன். கல்லாவை மூடிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காலிஃபிளவரா... சரி, போடுங்க. வந்தாப் பாத்துக்கிடலாம்." அப்படிச் சொல்கிறவர்கள் வராது என்பதை எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பஞ்சகவ்யமும் தயாரித்தேன். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய முறை: சாணம், கோமியம், பால், தயிர், நெய், கூடவே வெல்லம், வாழைப்பழம், இளநீர். இவற்றைக் கலந்து நிழலில் வைத்து, தினமும் காலையும் மாலையும் கிளற வேண்டும். லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் போதும். செடிக்கு நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. வாசனையைப் பற்றி மட்டும் அபிப்பிராய பேதம் இருந்தது. வீட்டில் நெய் குறைவது ஏன் என்று மனைவி ஆராயத் தொடங்கிய அதே வாரத்தில், எதிர்வீட்டு மாமா தன் வீட்டுச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய லாரிக்குச் சொல்லிவிட்டார். லாரி வந்து, டேங்க் காலியாகி, வாசனை மட்டும் அப்படியே இருந்தபோது அவர் மொட்டைமாடியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு லிட்டருக்கு மூன்று மில்லியே அதிகம்.

இனி மழை. எங்கள் ஊர்க் குளிர்காலத்தின் முன்பாதி மழைதான். ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிற சென்னையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரம் 49 சென்டிமீட்டர் வாங்கியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். அந்த மழையைப் பற்றி வேடிக்கையாக எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. அடுத்த வருஷமே டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்து எங்கள் முருங்கையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் வானிலை நிபுணர்கள். இஸ்திரிக்காரர்கூட, "இது டிப்ரஷன்தான் சார், புயலாகாது" என்று சட்டையை மடித்துக்கொண்டே சொல்லுவார்.

தோட்டக்காரனுக்குப் புயல் வேண்டியதில்லை, சாதாரண ஐப்பசி மழையே போதும். விதை போட்ட மறுநாள் கொட்டிய மழையில் கேரட் பையில் இருந்த விதை பீட்ரூட் பைக்கும், பீட்ரூட் விதை வடிகால் குழாய்க்கும் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் மழை அறிவிப்பு வந்தால் பைகளை மாடிப்படிக்கு அடியில் இறக்குவேன். நனைந்த பை ஒவ்வொன்றும் ஓர் அரிசி மூட்டை. இறக்கி முடித்து முதுகில் தைலம் தடவியதும் வெயில் அடிக்கும். ஏற்றியதும் பெய்யும். பச்சை நிழல் வலையைக் கம்பி போட்டுக் கட்டினேன். ஒரு ராத்திரிக் காற்றில் அது பறந்து மூன்றாவது வீட்டு ஏசி பெட்டியின் மேல் போர்த்திக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்கும்போது, "நீங்க இதுக்குள்ள வளர்க்கிறது என்ன சார்?" என்று அக்கறையாகக் கேட்டார். நெளிந்தேன்.

அதற்கான பதிலை வேறொருவர் கண்டுபிடித்தார். மழை விட்ட வாரத்தில் டெங்கு கொசுவுக்காக வீடு வீடாகப் பார்க்கிற அம்மா ஒருவர் டார்ச்சோடு மாடி ஏறினார். நான் உற்சாகமாக முன்னால் போய்க் கொத்தமல்லியைக் காட்டினேன்.

"அதக் கேக்கல சார். அடியில என்ன?"

பைக்கு அடியில் தண்ணீர் வடியத் தட்டு வைத்திருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் குதியாட்டம் போட்டன.

"நல்லா வளத்திருக்கீங்க" என்றார்.

என் தோட்டத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. தட்டையெல்லாம் கவிழ்த்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பாடம் எடுத்தார். இந்தக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழெட்டு நாள் போதுமாம். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், ஈரம் பட்டதும் பொரிந்துவிடுமாம். நான் காசு கொடுத்து வாங்கிய பட்டாணிக்கு இந்த முளைப்புத்திறனில் பாதி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

முளைத்த கொஞ்சத்தையும் நத்தைகள் கவனித்துக்கொண்டன. சுவரில் ஏறி மாடிக்கு வருகிற இந்த உள்ளங்கை அகல நத்தை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்கார நத்தைப் பிரியர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விட்டாராம். கல்கத்தாவுக்கு நாம் கல்லறைக் கல் அனுப்பினோம். அங்கிருந்து நமக்கு இது வந்தது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருந்து ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும், நோய்க்கிருமி உண்டு என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. அப்படியே செய்தேன். முதல் நாள் சாக்கைத் தூக்கியபோது அடியில் ஒரு பொதுக்குழுவே நடந்துகொண்டிருந்தது. பப்பாளி இலையை ஒன்றும் தொடவில்லை. எல்லாம் முட்டைக்கோஸ் நாற்றைச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்க வந்தவை.

இத்தனைக்கும் நடுவில் என் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். மதுராந்தகம் பக்கத்து ஊர் அவளுக்கு. கூரை மேல் அவரை படர்ந்த வீட்டில் பிறந்தவள். பங்குனியில் நான் ஒரு பையில் அவரை போட்டபோதே, "இப்பப் போட்டா எலைதான்டா வரும். ஆடியில போடு" என்றாள். நான் கேட்கவில்லை. கொடி மளமளவென்று வளர்ந்து, டேங்க்கைச் சுற்றி, டிஷ் ஆன்டெனாவை அணைத்துக்கொண்டது. எங்களுக்குத் தொடர் எதுவும் சரியாகத் தெரியவில்லை. காயும் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, மலட்டுக் கொடி என்று அரிவாளை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"பொழுது சுருங்கட்டும், இரு."

இந்த ஒரு வரிக்குள் ஒரு தாவரவியல் பாடமே இருப்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாட்டு அவரை காலண்டர் பார்க்காது, பகலின் நீளத்தைப் பார்க்கும். இன்னும் சரியாகச் சொன்னால் இரவின் நீளத்தை. சென்னையில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். டிசம்பர் பகல் பதினொன்றரைக்கும் கொஞ்சம் கம்மி. இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை, அவரைக்கு உறைக்கிறது. செவ்வந்திக்கும் இதே குணம். அதனால்தான் அது பூக்கும் நாளைத் தள்ளிப்போட விரும்புகிற வியாபாரிகள் ராத்திரியில் பல்பு எரிய விடுகிறார்கள். ஆக, எங்கள் ஊருக்குக் குளிர்காலம் உண்டுதான். ஆனால் அது மேலே போர்த்திக்கொள்கிற மாதிரி வருவதில்லை, பொழுதாக வருகிறது. காலிஃபிளவருக்குக் குளிர் வேண்டும். அதைக் கொடுக்க நம்மிடம் சரக்கு இல்லை. அவரைக்கும் செவ்வந்திக்கும் நீண்ட இரவு வேண்டும். அது மட்டும் நம்மிடம் தாராளம்.

படித்தது என்னைச் சும்மா விடவில்லை. எங்கள் மாடிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. செடிக்கு எப்படி இருட்டு தெரியும் என்ற கவலை வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறி, என் பழைய எட்டு முழ வேட்டியைக் கொடியின் மேல் போர்த்திவிட்டு, காலையில் எடுப்பேன். ஒரு ராத்திரி ஒரு பக்கம் கட்டு அவிழ்ந்து வேட்டி காற்றில் எழுந்து ஆடியது. இரண்டாம் ஆட்டம் முடித்து வந்த பையன்கள் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. முருங்கை சாய்ந்த பிறகு அது எங்கே குடிபோனது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கேள்வி.

வேட்டியாலோ, வேட்டியையும் மீறியோ, கார்த்திகையில் அவரை பூத்தது. பூத்த மறுநாளே கருப்பாக அசுவினி அப்பிக்கொண்டது. "பேன் புடிச்சிருக்கு, அடுப்புச் சாம்பலைத் தூவு" என்றாள் அம்மா. வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பும் இண்டக்‌ஷனும். சாம்பலுக்கு எங்கே போவது? போகிக்கு ஒரு மாதம் இருந்தது. யோசித்துவிட்டுப் பூஜையறையிலிருந்து விபூதியை எடுத்துத் தாராளமாகத் தூவினேன். மறுநாள் காலையில் மாடியேறிய மனைவி பார்த்தது: ஒவ்வோர் இலையிலும் பட்டை. அன்றிலிருந்து எங்கள் அவரை சைவம். அசுவினிக்கு மதம் கிடையாது என்பதால் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்த பிறகுதான் இறங்கியது.

சீமைக் காய்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலிஃபிளவர் இலை மட்டும் விட்டது. ஆனால் பிரமாதமான இலை. அதை மனைவி பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள்; கூட்டில் காலிஃபிளவர் எங்கே என்று பையன் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. கேரட்டைப் பிடுங்கியதும் தாடி வைத்த சுண்டுவிரல் வந்தது. பட்டாணியைப் பற்றிப் பேச வேண்டாம். முள்ளங்கி மட்டும் நாற்பத்தைந்து நாளில் ஒழுங்காக வந்தது. எல்லாம் ஒரே நாளில் வந்தது. எந்தப் பையைப் பார்த்தாலும் மண்ணைப் பிளந்துகொண்டு தலை நீட்டியது. முள்ளங்கி சாம்பார், முள்ளங்கிப் பொரியல், முள்ளங்கிச் சப்பாத்தி என்று ஒரு வாரம் ஓடிய பிறகு, அலுவலகத்தில் என் மேஜைக்குப் பக்கத்து மேஜைக்காரர் தனக்கு ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இடம் மாறிப் போனார்.

மார்கழி பிறந்ததும் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. யாரும் போடாமலே உரக்குழிப் பையிலிருந்து ஒரு மஞ்சள் பூசணிக் கொடி கிளம்பியிருந்தது. எங்கள் தெருவில் மார்கழிக் கோலத்துக்குச் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்பது கௌரவப் பிரச்சினை. மாடியில் பூ மலர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் என் மனைவி விடியற்காலை ஐந்து மணிக்கு இருப்பதையெல்லாம் பறித்துவிடுவாள். தோட்டத்துக்கு அவள் மேல் மரியாதை வந்ததும், அவளுக்குத் தோட்டத்தின் மேல் மரியாதை வந்ததும் அப்போதுதான். ஆனால் பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ நீளக் காம்பில் நிறையப் பூக்கும். பெண் பூ எப்போதாவது ஒன்று, அடியில் சுண்டைக்காய் அளவு பிஞ்சோடு வரும். இரண்டும் விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்தால் காய். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். எங்கள் மாடிக்குத் தேனீ வரவில்லை. பஞ்சகவ்யத்தின் காரணமாக இருக்கலாம்.

ஆகவே தேனீயின் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். கொடி அதற்குள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அண்ணாச்சியின் கிடங்கு ஷீட் மேல் இறங்கியிருந்தது. ஒரே பெண் பூ அங்கேதான். குரங்குக் குல்லாய், கையில் பையனின் பெயிண்ட் பிரஷ், வாயில் டார்ச். சுவரின் மேல் வயிற்றை வைத்துப் பாதி உடம்பு வெளியே தொங்க, ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவின் நடுவில் மெதுவாக வைத்தேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கீழே பஜனை கோஷ்டி திரும்பிய நேரம். ஜால்ரா நின்றது.

"அங்க யாருடி?"

"அவர்தான் மாமி. பூவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்."

ஜால்ரா மீண்டும் தொடங்கியது, கொஞ்சம் வேகமாக.

பிஞ்சு நின்றது! நாள்தோறும் எட்டிப் பார்த்தேன். எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு, பையனின் ஃபுட்பால் அளவு. வீட்டில் மூச்சுவிடவில்லை. கண்ணேறு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை மாதம் கேட்ட பேச்சுக்கெல்லாம் பொங்கல் குழம்பில் பதில் சொல்ல வேண்டும் என்ற வைராக்கியம். பொங்கல் குழம்புக்கு அவரை வேண்டும், அது அம்மாவின் புண்ணியத்தில் ஆகிவிட்டது. மொச்சை, சர்க்கரைவள்ளி கடையில். பூசணி நம்முடையது. மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்கித் தாம்பரம் மார்க்கெட்டில் இடிபட்டுத் திரும்பிய அன்று சாயங்காலம், அரிவாள்மனையை மறைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். எட்டிப் பார்த்தேன். கொடி இருந்தது, காம்பு இருந்தது. வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

கீழே இறங்கிக் கடைக்கு ஓடினேன். பொங்கல் கூட்டம். அண்ணாச்சி நிமிரவே இல்லை. தராசுக்குப் பக்கத்தில் நாலு விதையும் கொஞ்சம் நாரும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. "பூசணியா சார்? இப்பத்தான் தீந்துது. நம்ம ஷீட்டு மேல தானாக் காய்ச்சது பாத்துக்கிடுங்க, நல்ல எளசு. ஒத்தப் பத்த இல்ல" என்றார். தானாகவாம்! பெயிண்ட் பிரஷைப் பற்றி அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தால் மனைவி சமையலறையில் பூசணிப் பத்தை ஒன்றை அரிந்துகொண்டிருந்தாள். கடைசிப் பத்தையாம், முப்பது ரூபாயாம். நானும் அம்மாவும் பையனும் மறுநாள் குழம்பை ஊற்றிக்கொண்டோம். கரைந்தும் கரையாமலும் வெல்லமாக இனித்தது. அவள் எனக்கு இரண்டாவது கரண்டி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"பாத்தீங்களாங்க, அண்ணாச்சி ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல, ஒரு வீடியோ பாக்கல. நீங்க ஒரு நாள் அவர்கிட்ட போய்க் கத்துக்கிட்டு வாங்களேன்."